சும்மா நிற்கும் டவர்

பெயிண்ட் துப்பாக்கி தண்ணீரைக் கக்கும் ‘புளக்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் பம்ப் கம்பெனியில் பெயிண்ட் அடித்த பம்புகளில் கொப்புளம் கிளம்பும். திட்டு பெயிண்டர் துளசிமணிக்கு விழும். துப்பாக்கிக்கு வரும் காற்றுக் குழாயில்தான் ஈரம் என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் காற்றை உலர்த்தும் டிரையர் வாங்க மேனேஜர் ஜெகந்நாதன் இசைந்தார். விற்க வந்தவர் படத்தை விரித்தார். இரண்டு டவர்கள், ஒன்று ஈரத்தை உறிஞ்சும்போது மற்றது உலரும்.

"ஒண்ணு சும்மாதானே நிக்குது? ஒரு டவர் போதும். அப்புறமும் கொப்புளம் வந்தா, இவளை வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர்.

"சரிங்க சார்" என்றாள் துளசிமணி.

மறுநாள் விற்க வந்தவர் ஒரு டவருக்கான ஆர்டரோடு காத்திருக்க, கையெழுத்துப் போடுமுன் மேனேஜர் முகம் கழுவப் போனார். கொடியில் எப்போதும் அவருக்கு இரண்டு துண்டு தொங்கும். அன்று ஈரத்துண்டு ஒன்றுதான் இருந்தது. முகம் சொட்டச் சொட்ட வந்து கத்தினார்.

"இன்னொரு துண்டு எங்கே?"

"சும்மாதானுங்க தொங்குச்சு. ஒண்ணு போதும்னு எடுத்து வச்சுட்டேன்" என்றாள் துளசிமணி.

"நனைஞ்சது காய வேண்டாமா? ஒண்ணையே வச்சுக்கிட்டு எப்படித் துடைக்கிறது?"

"அதைத்தானுங்க சார், இவரு நேத்துலருந்து சொல்றாரு!"

விற்க வந்தவர் சிரிப்பை மறைக்க இருமினார். ஈர முகத்தோடு மேனேஜர் இரண்டு டவருக்கும் கையெழுத்துப் போட்டார்.

துளசிமணி அதே பெயிண்ட் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள்.