பொங்கியண்ணன் எட்டாம் நம்பர்ல வெச்சு மிதிச்ச கதை

எனக்கு முட்டி போயிருச்சுங்க. சும்மா வலின்னு சொல்லல. போன வைகாசியில எங்கக்கா பையனுக்குப் பெருந்துறையில கல்யாணம். தாய்மாமன்னு மணை போட்டு உக்கார வெச்சாங்க. உக்காந்துட்டேன். எந்திரிக்கத்தான் முடியல. மாப்பிள்ளை ஒரு கையப் புடிச்சு, நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தக் கீழ வெச்சுட்டு மறு கையப் புடிச்சு, ரெண்டு பேருமாச் சேந்து தூக்கி நிறுத்துனாங்க. வீடியோக்காரர் அதையும் உடாம எடுத்துட்டாரு.

டாக்டரம்மா முட்டிய எடுத்த எக்ஸ்ரே படத்தப் பாத்துட்டு, "நடக்கறத நிறுத்துங்க. ஊட்டுக்குள்ள வெச்சு மிதிக்கற சைக்கிள் ஒண்ணு வாங்கி ஆறு மாசம் மிதிங்க. அதுலயும் கேக்கலைன்னா ஆப்பரேசன்தான்" அப்படின்னாங்க. எனக்கு ஊசின்னாலே ஒதறும். ஆப்பரேசன்னு சொன்னதும் அந்த நாற்காலியில இருந்தே எந்திரிக்க முடியல. அதுக்கு முட்டி காரணமில்லீங்க.

ஓசூர்ல இருக்கற எம்பொண்ணு தேன்மொழி போன்ல மூணு சைக்கிள் படம் அனுப்பிச்சா. "நாளைக்குக் காலைல எதுன்னு சொல்லிருப்பா. சொல்லலைன்னா நானே எதையாச்சும் அனுப்பிருவேன்." அவ எதையாச்சும் அனுப்பற ஆளு. போன வருசம் ரொட்டி சுடற மெசின்னு ஒண்ணு அனுப்பிச்சா. அது இன்னும் அட்டைப்பொட்டியிலதான் கெடக்குது.

அதனால அன்னைக்குப் பொழுதோட பேக்கரிக்குப் போனேன். ஈரோட்டுல திண்டல் பக்கம் பார்க்குக்கு எதுத்தாப்பல இருக்குது. நாங்க நாலு பேரு தெனமும் பார்க்குல நடந்துட்டு, நடந்து கொறைச்சத அங்க பப்ஸ் தின்னு ஈடுகட்டிட்டுப் போறது வழக்கம். எனக்கு முட்டி போன பொறவு, நான் நடக்கறதில்ல. பப்ஸுக்கு மட்டும் போயிருவேன்.

மூணு பேரும் இருந்தாங்க. சைக்கிள் கடை வெச்சிருக்கற மீரான் பாய். பெரியாஸ்பத்திரியில முப்பது வருசம் நர்சா இருந்து ஓய்வான ருக்குமணியக்கா. அப்புறம் பொங்கியண்ணன். நூலுக்குக் கஞ்சி போடற சைசிங் மில்லுல பாய்லர் பாத்தவரு, அறுபத்தாறு வயசு. பாய்லரு நின்னு போச்சு, இவருகிட்ட இருந்து ஆவி வர்றது மட்டும் நிக்கல.

நான் செல்போன எடுத்து மேசையில வெச்சேன். மீரான் பாய் மொதப் படத்தப் பெருசாக்கிப் பாத்தாரு.

"முன்னால இருக்கற இரும்புச் சக்கரம் எத்தனை கிலோன்னு பாருங்க நாச்சிமுத்து. கனமா இருந்தாத்தான் மிதி வெட்டாம சீரா வரும். இதுல ஆறு கிலோன்னு போட்டிருக்குது."

பொங்கியண்ணன் டீயக் குடிக்காம சிரிச்சாரு.

"ஆறு கிலோவா? அது காய்கறிக்காரர் தராசுப் படிக்கல்லு. என்ற வண்டியில நாப்பத்தஞ்சு."

"உங்கூட்டுல இந்த சைக்கிள் இருக்குதுங்களா?" எனக்கு ஆச்சரியமாப் போச்சு.

"ரெண்டு வருசமா இருக்குது. சொல்லிப் பெருமையடிக்கற பழக்கம் எனக்கில்ல, அதனால உங்களுக்குத் தெரியல." ருக்குமணியக்கா பப்ஸ மெல்லறத நிறுத்திட்டாங்க. "மொத நாளு வெடியக்காலம் அஞ்சு மணிக்கு ஏறிக் கா மணி நேரந்தான் மிதிச்சேன். எறங்கிட்டேன். சக்கரம் நிக்கல. தண்ணி வாத்துக்கிட்டேன், இட்லி தின்னேன், பவானி போயி ஒரு துக்கம் விசாரிச்சுட்டு வந்தேன். சுத்திக்கிட்டேதான் இருக்குது. மக்யா நாளு எங்கூட்டுக்காரம்மா பாவாயி அதுல ஒரு கயித்தக் கோத்து கிரைண்டர்ல மாட்டி, நாலு படி மாவாட்டி முடிச்சுட்டா."

"அண்ணா, பிரேக்குன்னு ஒண்ணு இருக்குமேங்ணா" அப்படின்னாரு மீரான் பாய். அவரு தொழில் அது.

"புடிச்சேனே. புடிக்காம உடுவனா? சக்கரம் டக்குன்னு நின்னுச்சு. ஆனா அத்தன வேகமும் எங்கீங் போகும்? பக்கத்துல இருந்த டேபிள் பேனு தன்னால சுத்த ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்குக் கரண்டே இல்ல. சித்திரை முச்சூடும் அந்தக் காத்துலதான் தூங்குனோம்."

நான் தேன்மொழிக்குச் சொல்லோணுமேன்னு ரெண்டாவது படத்தத் தள்ளிக் காட்டுனேன். அதுல முன்னால பெரிய காத்தாடி வெச்சிருந்துச்சு. மிதிக்க மிதிக்க அது சுத்தும், வேகமா மிதிச்சா மிதி இறுகும்.

"இது சத்தம் போடும். ஊட்டுல டி.வி. பாக்க உடாது" அப்படின்னாரு மீரான் பாய்.

"சத்தத்த உடு பாய்," பொங்கியண்ணன் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டாரு. "சத்தத்தால ஆருக்கு என்ன கேடு? காத்தச் சொல்லு. கடைக்காரன் மொதல்ல எனக்கு மாத்தி இதத்தான் குடுத்தனுப்பிச்சான். ஜன்னலு தொறந்திருக்கறத நான் கவனிக்கல. பத்து மிதிதான் மிதிச்சிருப்பேன். எதுத்த மாடியில காயப்போட்டிருந்த மொளகா வத்தலு அம்புட்டும் மேல கெளம்பிச் செவப்பு மேகமாட்டப் போகுது. சித்தோட்டுக்கு மேல போயி எறங்கியிருக்குது. அன்னைக்கு மத்தியானம் சித்தோடு ஊரே தும்முச்சு. பஸ்சு டிரைவரு, கண்டக்டரு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, வாத்தியாரு, எல்லாரும். ஒரு மணி நேரம் அங்க ஆரும் ஒரு வாக்கியம் முழுசாப் பேசல."

"எந்தச் சித்தோடு? பவானி ரோட்டுலயா? எங்கக்கா அங்கதான் இருக்கறா. அவ ஒண்ணும் சொல்லலையே" அப்படின்னாங்க ருக்குமணியக்கா.

"எப்படீங் சொல்லுவாங்க? தும்மிக்கிட்டு இருந்தாங்கல்ல."

ரெண்டாவது படத்த நான் அழிச்சுட்டேன். மொளகாய நம்பி இல்லீங்க. டி.வி. பாக்க முடியாதுன்னா எங்கூட்டுல சைக்கிளும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்.

ருக்குமணியக்கா கைய மேசையில ஊனுனாங்க. அவிங்க கேள்வி கேக்கறதே ஆஸ்பத்திரியில நாக்க நீட்டச் சொல்ற மாதிரி இருக்கும்.

"கைப்பிடியப் புடிச்சா நாடித்துடிப்பு காட்டுமே. உங்களுக்கு எத்தன காட்டுச்சு?"

"ஒம்பது."

"நிமிசத்துக்கு ஒம்பதா? ஒம்பதுன்னா ஆளு போயாச்சுன்னு அர்த்தமுங்."

"நீங்க இப்பத்தான் சொல்றீங்க. அந்த மெசினு அன்னைக்கே சொல்லிருச்சு. திரையில 'ஆழ்ந்த இரங்கல்'னு போட்டுச்சு."

"தமிழ்லயா?"

"அச்சுத் தமிழு. கீழ என்ற பேரு, ஊரு, எல்லாம். பாவாயி படிச்சுட்டுக் கதவப் புடிச்சுட்டு அழுக ஆரம்பிச்சுட்டா. நான் மிதிச்சுக்கிட்டே சொல்றேன், 'அட இருக்கறேன் புள்ள'ன்னு. அவ நம்பல. மெசினு பொய் சொல்லாதுங்கறா."

மீரான் பாய்க்கு டீ மூக்குல ஏறிருச்சு. அவரு இருமி முடிக்கற வரைக்கும் பொங்கியண்ணன் பொறுமையா இருந்தாரு. அப்புறம் குரல எறக்கி எங்கிட்டத் திரும்புனாரு. சிரிப்பே இல்ல மூஞ்சியில.

"நாச்சிமுத்து. உனக்கு எது புடிக்குதோ அத வாங்கிக்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. மிதிய இறுக்கறதுக்கு ஒரு திருகு இருக்கும், ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும். எட்டாம் நம்பர மட்டும் வெக்காத. நான் வெச்சுட்டுப் பட்ட பாடு போதும்."

"என்னண்ணா ஆச்சு?" கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் கேட்டுருச்சு.

"எட்டுல வெச்சேன். உள்ள இருக்கற காந்தம் சக்கரத்தக் கவ்விப் புடிச்சிருச்சு. மிதி இம்மி நகரல. ஆனா நான் மிதிக்கறத உடுவனா? பாய்லர்ல நின்ன காலு இது. மிதிக்கறேன், மிதிக்கறேன், மிதிச்சுக்கிட்டே இருக்கறேன். மிதி நகரல. அப்ப எது நகரோணும்?"

"வண்டி நகரோணும்" அப்படின்னாரு மீரான் பாய்.

"வண்டியத் தரையோட போல்ட் போட்டு முடுக்கியிருக்குது."

"அப்பத் தரைதான் நகரோணும்" அப்படின்னுட்டாங்க ருக்குமணியக்கா, கேலியா.

"பாத்தீங்களா! நர்சம்மாவுக்குத் தெரியுது!" மேசையத் தட்டுனாரு பாருங்க, நாலு டீயும் குதிச்சுது. "ஜன்னல்ல இருந்த வேப்பமரம் மெதுவா அக்கட்டால நகருது. அப்புறம் கரண்டுக் கம்பம் வருது. அப்புறம் எதுத்தூட்டு மாடி. திண்டல் மலை எங்களுக்குச் சமையக்கட்டு ஜன்னல்ல தெரியும். பாவாயி உள்ள இருந்து, 'ஏனுங், மலையக் காணமுங்'னு சத்தம் போடறா. நான் பெட்ரூம்ல மிதிச்சுக்கிட்டே, 'இங்க வந்திருச்சு புள்ள, இருக்கட்டும்'னு சொல்றேன். நான் எறங்கறப்ப, கெழக்க பாத்த வாசலு மேக்க பாத்துக்கிட்டு நிக்குது."

பக்கத்து மேசையில தேங்கா பன்னு தின்னுட்டு இருந்த ரெண்டு பேரு நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க.

"அக்கம்பக்கத்துல ஆரும் பாக்கலீங்களா?" மீரான் பாய் உடறதா இல்ல.

"பாக்காமயா? கூரியர்க்காரரு வந்து செவுத்தத் தட்டிட்டு, ஆளில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. பால்காரரு கதவு இருந்த எடத்துல பால வெச்சுட்டுப் போறாரு, நான் ஊடு சுத்தி ஓடி எடுக்கோணும். குழாயி மண்ணுக்குள்ள முறுக்கிக்கிச்சு. தொறந்தாத் தண்ணி முறுக்கு முறுக்கா வருது. வாஸ்து பாக்கறவரு ஒருத்தரு வந்தாரு. ஊட்டச் சுத்தி ரெண்டு தடவ நடந்தாரு. 'இத்தன நாளு இல்லாத யோகம் இப்பத்தான் இந்த ஊட்டுக்கு வந்திருக்குது, இப்படியே உட்டுருங்க'ன்னாரு."

"உட்டுட்டீங்களா?"

"பாவாயி ஒத்துக்கல. வாசல்ல போட்ட கோலம் பின்னால கெடக்குதுங்கறா. சரீன்னு பின்பக்கமா மிதிச்சு ஊட்டத் திருப்பிக் கொண்டாந்தேன். அன்னைக்கு எங்கூட்டு வாசல்ல மட்டும் பொழுது ரெண்டு தடவ உதிச்சுது."

"பின்பக்கமா மிதிச்சா பெடல் சும்மாதானேங்ணா சுத்தும்? முப்பத்தஞ்சு வருசமா நான் சைக்கிளக் கழட்டி மாட்டறேன்."

"நீ மாட்டறது ரோட்டுல ஓடற சைக்கிளு பாய். இது ஊட்ட ஓட்டற சைக்கிளு."

மீரான் பாய் கைய விரிச்சுட்டாரு. ருக்குமணியக்கா மட்டும் அசையல. பொங்கியண்ணன மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. சட்டையில நடுப்பொத்தான் ரெண்டு, எப்ப வேணாலும் கெளம்பிருவேன்னு நின்னுட்டு இருந்துச்சு.

"இத்தன மிதி மிதிச்சதுல எத்தன கிலோ கொறைஞ்சீங்க?"

"முப்பத்தெட்டு."

"எங்கீங் கொறைஞ்சிருக்குது?"

"நான் கொறையலீங். ஓடுனது ஊடு. ஊடுதான் கொறைஞ்சிருக்குது. ஹாலு ரெண்டடி சின்னதாயிருச்சு. சோபாவ இப்பக் குறுக்கால போட்டிருக்கறோம்."

பக்கத்து மேசைக்காரங்க கையே தட்டிட்டாங்க. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வெசனம். மணி ஏழாகுது. காலைல பொண்ணுக்கு என்ன சொல்றது?

அந்த நேரத்துல பாத்து, பேக்கரிக்குள்ள வறுக்கி வாங்க பாவாயக்கா வந்துட்டாங்க. அவிங்கள நாங்க அடிக்கடி பாக்கறதில்ல. அறுபது வயசு. ஆளு ஒடிசலா, முதுகு கம்பியாட்ட நேரா, வாசப்படி மூணையும் கைப்பிடி புடிக்காம ஏறி வந்தாங்க. பொங்கியண்ணன் சட்டுனு டீ டம்ளருக்குள்ள எதையோ தேட ஆரம்பிச்சாரு. டம்ளரு காலி.

"வாங்கக்கா, உங்களப் பத்தித்தான் பேச்சு" அப்படின்னாரு மீரான் பாய். கையத் தேச்சுக்கிட்டாரு.

எனக்கு உள்ளுக்குள்ள சங்கடமாப் போச்சு. என்ன இருந்தாலும் பொங்கியண்ணன் இல்லைன்னா எங்க சாயங்காலம் வெறும் பப்ஸுதான். நாலு பேரு முன்னால அந்தம்மா போட்டு ஒடைச்சுட்டா, அவரு நாளைக்கு வரமாட்டாரு. அதனால நான் முந்திக்கிட்டு செல்போன நீட்டி, முட்டி சமாச்சாரத்தச் சொல்லி, எத வாங்கட்டும்னு கேட்டேன்.

கண்ணாடியப் போட்டு மீதி ரெண்டு படத்தையும் நிதானமாப் பாத்தாங்க. "உங்க முட்டிக்கு இந்தக் கடேசிப் படமுங். முதுகச் சாச்சு உக்காந்து, கால முன்னால நீட்டி மிதிக்கறது. பாரம் முட்டியில எறங்காது. உக்கார்ற எடத்த முன்ன பின்ன நகத்த முடியுதான்னு கேட்டுக்குங்க. கால நீட்டறப்ப முட்டி சித்தெ மடங்கியே இருக்கோணும், வெறைப்பா நிக்கக்கூடாது. மொத மாசம் ரெண்டாம் நம்பரத் தாண்டாதீங்க. பத்து நிமிசம் போதும், ஆனா தெனமும் மிதிங்க."

ருக்குமணியக்கா ஆமான்னு தலையாட்டுனாங்க. அங்கயே தேன்மொழிக்கு மூணாவது படம்னு அனுப்பிட்டேன். அதுலதான் ஆறு மாசமா மிதிக்கறேன். ஆப்பரேசனு இப்போதைக்கு வேண்டாம்னு டாக்டரம்மா எழுதியே குடுத்துட்டாங்க. அது பொறவு நடந்தது.

அன்னைக்கு மீரான் பாய் உடல. "அக்கா, ஒரே ஒரு கேள்வி. அண்ணன் எட்டாம் நம்பர்ல வெச்சு மிதிச்சு, உங்கூடு திரும்பிருச்சாமா. மலையெல்லாம் நகந்துச்சாமா. நெசமுங்களா?"

பாவாயக்கா ஊட்டுக்காரரப் பாத்தாங்க. அவரு தலை டம்ளருக்குள்ள போயிரும் போல இருந்துச்சு. அந்தம்மா வறுக்கிக் கவர ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்துனாங்க.

"திரும்புச்சுங்" அப்படின்னாங்க.

பொங்கியண்ணன் தலை மெதுவா மேல வந்துச்சு.

"மலை?"

"சமையக்கட்டுல இருந்து பெட்ரூமுக்கு வந்துச்சு. நெசந்தான். ஆனா மிதிச்சது நானு."

"அப்ப அண்ணன்?"

"அவரு பின்னால கேரியர்ல உக்காந்து வழி சொல்லிட்டு வந்தாரு."

மீரான் பாய் எந்திரிச்சே நின்னுட்டாரு. "அக்கா, அந்த மாதிரி சைக்கிள்ல கேரியரே கெடையாதுங்களே!"

"இருந்துச்சுங். இவரு எறங்கவே மாட்டேன்னுட்டாரு, கழட்டிப் போட்டுட்டேன்."