எட்டு விளக்குக் குகை

சொட்டுப்பாறைக் குகைக்குள் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் போக முடியாது. குகை சின்னதல்ல. குகையைக் காத்து, வருகிறவர்களுக்குக் காட்டும் பாவாத்தாளிடம் இருப்பது எட்டு விளக்குதான். செருப்பைக் கழற்றி, சுனையில் கால் கழுவினால்தான் அந்த விளக்கும் கைக்கு வரும். ஒன்பதாவது ஆள் கலெக்டராகவே இருந்தாலும் வேப்பமரத்தடியில் காத்திருக்க வேண்டியதுதான்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சென்னியப்பன். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். “உள்ளே போங்க, உள்ளே போங்க” என்றே பழகிய வாய், “இங்கேயே நில்லுங்க” என்று சொல்லக் கற்பது லேசான காரியமா? ஆறு மாதமாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று காலை விளக்கைத் துடைத்து வைக்கப் போனவர், குகைக்குள்ளிருந்து ஓடி வந்தார். அறுபது வயது ஆள் ஓடுகிற ஓட்டமா அது!

“அம்மிணி! கெழக்கு மூலையில பாறை ஒண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க. பின்னால புது அறை!”

“மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்கண்ணா.”

“எங்கீங்க மூச்சு வாங்கறது! கூரையெல்லாம் ஆலம்விழுதாட்டம் கல்லு தொங்குது. ஒவ்வொரு நுனியிலயும் ஒரு சொட்டு. தரை இருக்குது பாருங்க, தரை! அப்பத்தான் ஒறஞ்ச தயிராட்டம் வெள்ளை வெளேர்னு. மனுசக் காலே படாத எடமுங்க!”

பாவாத்தாளும் சட்டென்று எழுந்துவிட்டாள். நடை பழகிய நாளிலிருந்து அந்தக் குகையில் புழங்குகிறவள். அவளுக்கே தெரியாத அறை!

“கீழ டூரிஸ்ட் பஸ் வந்து நிக்குது. நாப்பத்திரண்டு பேரு. ஓடியாற வழியிலயே எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். அப்படியே உள்ள விட்டுரலாமுங்க.”

“நம்மகிட்ட எட்டு வெளக்குத்தானுங்கண்ணா இருக்குது.”

“எல்லார்த்து போன்லயும் லைட் இருக்குதுங்க. ஆரும் பாக்காத அழகு ஆருக்கு அம்மிணி பிரயோஜனம்?”

அவள் சுனையில் கால் கழுவிவிட்டு இரண்டு விளக்கை எடுத்தாள். சென்னியப்பனும் செருப்பைக் கழற்றி, முழங்கால்வரை தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டார். இருந்த வேகத்தில் பாதித் தண்ணீர் வேட்டிக்குத்தான் போயிற்று.

சரிந்த பாறையருகே போனதும் பாவாத்தாள் புது அறையின் வாசலிலேயே நின்றாள். விளக்கை உயர்த்தினாள். ஆயிரம் சொட்டுகள் ஒன்றாய் மின்னின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாமி!” என்றாள்.

“எப்படீங்க?” என்றார் சென்னியப்பன். தானே கட்டிய வீட்டைக் காட்டுவது போல ஒரு பூரிப்பு.

“நீங்க பார்த்தது இதுதானாண்ணா?”

“இதேதானுங்க!”

“நீங்க பார்க்கறப்போ இந்தச் செருப்புத் தடம் இருந்துச்சுங்களா?”

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைத் தரையில், வரி வரியாய்ச் செம்மண் தடங்கள். அறையின் நடுவரை போக ஏழு, திரும்பி வர ஏழு.

பதறிப்போய்த் தோள் துண்டை எடுத்தார். வாசலில் நின்றபடியே எட்டி, பக்கத்துத் தடத்தை அழுத்தித் துடைத்தார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. மண் இன்னும் அகலமாய்ப் பரவியது. வெள்ளையும் கொஞ்சம் பெயர்ந்து துண்டோடு வந்தது.

“சொட்டுச் சொட்டா இந்தக் கல்லு மறுபடி வளந்துக்கும்தானுங்க அம்மிணி?”

“வெளி அறையில ஒரு கைத்தடம் இருக்குதல்லங்க. எங்க அப்பாரு சின்னப் பையனா இருக்கறப்போ எண்ணெய்க் கையோட தொட்டது. அந்த எடத்துல இன்னைக்கு வரைக்கும் கல்லு வளரல.”

சென்னியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது. தடமில்லாத அந்தத் தரையை இனி யாருமே பார்க்கப் போவதில்லை, அவர் உட்பட.

கீழே பஸ்காரன் ஹாரன் அடித்தான். வேப்பமரத்தடியில் ஜனங்கள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

“பஸ்ஸைத் திருப்பி அனுப்பிச்சிடறேனுங்க,” என்றார். “ஆரும் பார்க்க வேண்டாம்.”

“எதுக்குங்கண்ணா? இத்தனை அழகை ஒளிச்சு வெக்க நாம ஆரு? எட்டு எட்டுப் பேராக் கூட்டியாங்க. இங்க, வாசல்ல நின்னு ஆசை தீரப் பார்க்கட்டும்.”

“உள்ள போயித்தான் தீருவேன்னு ஆராச்சும் நின்னா?”

பாவாத்தாள் தன் கை விளக்கை அவரிடம் கொடுத்தாள்.

“அந்தத் தடம் ஆரோடதுன்னு சொல்லுங்க.”