குளியலறையா, கொல்லையா?

அரசலாற்றங்கரையில் மங்கையர்க்கரசி அம்மையாரின் வீடு. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் வந்து கூடத்தில் உட்காருவார்கள். பிரசங்கம் எதுவும் கிடையாது. யாராவது ஏதாவது கேட்பார்கள். அம்மையார் பதில் சொல்வார். சில நாள் சொல்லாமலும் இருப்பார்.

பஞ்சநதம் அங்கே வர ஆரம்பித்தது மனைவி தையல்நாயகி இறந்த பிறகு. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மையாரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இத்தனை காலத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். விளக்கேற்றியதும் முதல் ஆளாக எழுந்து போய்விடுவார்.

அந்த வியாழக்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கேக்கணும்?" என்றார் அம்மையார்.

"ஞான விஷயம் இல்லம்மா. வீட்டு விஷயம்."

"கேளுங்க."

"பேங்குல போட்டிருந்த பணம் கைக்கு வந்திருக்கு. பழைய வீடு. பாத்ரூம் தரையைப் பேத்துட்டு சொரசொரப்பு டைல்ஸ் போடணும், பிடிச்சுக்க ஒரு கம்பி வைக்கணும். இல்லேன்னா கொல்லையைச் சுத்தம் பண்ணி, கல்லு பாவி, மேல ஷீட்டு போட்டு, உட்கார ஒரு சிமெண்டுத் திட்டு கட்டணும். கொத்தனார் வந்து பாத்தார். எவ்வளவு இழுத்துப் பிடிச்சாலும் ஒண்ணுக்குத்தான் காணுங்கிறார்."

"வீட்டுல வேற யார் இருக்கா?"

"யாரும் இல்ல. பையன் புனேயில. அவன் பாத்ரூமைப் பண்ணுங்கப்பாங்கிறான்."

"உங்களுக்கு?"

பஞ்சநதம் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"கொல்லையைப் பண்ணா சாயங்காலம் வெளில உட்காரலாம். உள்ளயே இருக்க முடியலம்மா. டிவியை நிறுத்தினா வீடு என்னவோ மாதிரி ஆயிடுது."

அம்மையார் சற்று யோசித்தார்.

"நாளைக்குக் காலையில வரேன். உங்க வீட்டுலயே குளிக்கிறேன்."

"அங்கயாம்மா?"

"பாக்காம எப்படிச் சொல்றது?"

மறுநாள் பஞ்சநதம் இருட்டோடு எழுந்தார். பிளீச்சிங் பவுடர் போட்டுக் குளியலறையைத் தேய்த்தார். பீரோவிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டார். கூடத்தில் ஒரு நாற்காலியில்தான் அவர் உட்காருவது. மற்றதிலெல்லாம் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது. ஒன்றைக் காலி செய்து துடைத்து வைத்தார். யார் வீட்டுக்கோ போய் வேலை செய்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

அம்மையார் தனியாகத்தான் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. காபி குடித்தார். பிறகு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனவர், உடனே வெளியே வந்தார்.

"தாழ்ப்பாள் இல்லையே."

பஞ்சநதத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மையார் குளிக்க வருகிறார் என்று தெரிந்தும் இதை நினைக்காமல் போனோமே என்றிருந்தது.

"கழட்டிட்டேம்மா."

"ஏன்?"

"தனியா இருக்கேன். எதுக்குத் தாழ்ப்பாள்?"

"தனியா இருக்கவங்க போடாம விடலாம். ஸ்க்ரூவைத் திருகிக் கழட்ட மாட்டாங்களே."

பஞ்சநதம் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மரம் மட்டும் புதுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"தை மாசம் உள்ள வழுக்கி விழுந்துட்டேன். காலையில. இடுப்பை அசைக்க முடியல. குழாய் ஓடிக்கிட்டே இருக்கு, வாளி நிரம்பி வழியுது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. படுத்த வாக்குல அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். தையலு, தையலுன்னு கூப்பிட்டேம்மா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவ இல்லைங்கிறதே ஞாபகம் வந்துச்சு."

அம்மையார் கதவில் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளைத் தடவினார்.

"அப்புறம் நகந்து நகந்து வந்து, வெளக்குமாத்துக் கட்டையால தாழ்ப்பாளைத் தள்ளினேன். வெளில வர்றப்ப உச்சி வெயில். பையன்கிட்ட தரை வழுக்குதுன்னு மட்டும் சொன்னேன். நடக்க முடிஞ்சதும் முதல் வேலையா அதைக் கழட்டிட்டேன். மறுபடி விழுந்தா யாராவது உள்ள வரணும்ல?"

"வரணும்தான்," என்றார் அம்மையார். "நீங்க கூடத்துல இருங்க. நான் குளிச்சிட்டு வரேன்."

பஞ்சநதம் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளியில் குவளை மோதியது. தண்ணீர் தரையில் விழுந்து ஓடியது. அந்த வீட்டில் இன்னொருவர் தண்ணீர் புழங்கும் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. பேப்பரைக் கையில் எடுத்தவர், பிரிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றபோது, இன்னும் கொஞ்ச நேரம் குளித்திருக்கலாம் என்று தோன்றியது.

அம்மையார் ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வந்தார்.

"தரை வழுக்கத்தான் செய்யுது. ரெண்டு தடவை சுவத்தைப் பிடிச்சேன்."

"அப்ப பாத்ரூமையே பண்ணிடவா?"

"கொல்லையைப் பாத்துடுவோம்."

கொல்லையில் இடுப்பளவுக்குச் செடி மண்டிக் கிடந்தது. நடுவில் ஒரு எலுமிச்சை மரம். பழம் உதிர்ந்து அழுகியிருந்தது. திட்டு எங்கே வரும், ஷீட்டு எதுவரை வரும் என்று பஞ்சநதம் கையை நீட்டிக் காட்டினார். அம்மையார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குள் நடந்து, பின்சுவர்வரை போய்விட்டார். அங்கே ஒரு தகரக் கதவு இருந்தது. அதில் ஒரு பூட்டு, துருவேறித் தொங்கியது.

"இது எங்க போகுது?"

"பின்னாடி சந்து. எதுத்தாப்ல ஜொகரா வீடு."

"எப்ப பூட்டினது?"

"தையலு போன பிறகு. அவ இருந்தவரைக்கும் இந்தக் கதவைச் சாத்தினதே இல்ல. ஜொகரா எலுமிச்சம்பழம் பறிக்க வரும், கருவேப்பிலைக்கு வரும். ரெண்டு பேரும் இங்க நின்னுக்கிட்டே மணிக்கணக்காப் பேசுவாங்க."

"அப்புறம்?"

"அவ போனதுக்கப்புறம் தினம் வந்துச்சு. ஏதாவது செஞ்சு எடுத்துக்கிட்டு வரும். நான் சாப்பிடுறவரைக்கும் போகாது. என்னைப் பாத்தாலே அதுக்குக் கண்ணு நிறைஞ்சிடும். எனக்குத் தாங்கலம்மா. ஒரு நாள் பூட்டிட்டேன்."

"வந்து தட்டலையா?"

"தட்டுச்சு. கதவுக்கு அடியில ரெண்டு காலு தெரியும். நான் இந்தப் பக்கம், இதே இடத்துல, மூச்சுக்கூட விடாம நிப்பேன். பல நாள் தட்டுச்சு. அப்புறம் வரல."

"வாசல் கதவு?"

"அது எப்பவும் உள்பக்கம் தாழ்ப்பாள்தான். திருட்டு பயம்."

அம்மையார் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். விரலில் துரு ஒட்டியது.

"விழுந்தா யாராவது உள்ள வரணும்னுதானே பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டினீங்க?"

"ஆமாம்மா."

"அவங்க எந்த வழியா வருவாங்க?"

பஞ்சநதம் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

உள்ளே போய்ச் சாவியைத் தேடினார். அலமாரியில் பார்த்தார், ஆணிகளில் பார்த்தார், தையல்நாயகியின் அஞ்சறைப் பெட்டியில்கூடப் பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் கடப்பாரையோடு வந்தார். நாலைந்து அடியில் நாதாங்கி பெயர்ந்து வந்தது. கதவு செடிகளில் சிக்கிக்கொண்டு திறக்க மறுத்தது. அம்மையாரும் ஒரு கை பிடித்தார். இருவரும் இழுத்ததில் ஆள் நுழைகிற அளவு திறந்தது.

சந்துக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு வாசல் குழாயடியில் ஜொகரா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தலைமுடி நிறைய நரைத்திருந்தது. பஞ்சநதத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தாள்.

பஞ்சநதம் எதையோ சொல்லத் தொண்டையைச் செருமினார்.

ஜொகரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். துலக்கியதும் துலக்காததுமாகப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

பஞ்சநதம் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"பாத்துட்டும் பேசாம போயிடுச்சும்மா."

"ம்."

"வெயில் ஏறுது. உள்ள போயிடலாம். கொத்தனார் வேற வந்துடுவார். அவர்கிட்ட என்ன சொல்ல?"

"பாத்ரூம் தரையைப் போடச் சொல்லுங்க."

"கொல்லைக்கு?"

அம்மையார் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீங்க பூட்டின பிறகு அந்தம்மா தட்டிட்டு எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"ரொம்ப நேரம் நிக்கும்."

"அவ்வளவு நேரமாவது நில்லுங்க."