அரசர் தமக்கே கட்டிய வரி

முன்னொரு காலத்தில் ஆதவக்கோன் என்றொரு ராஜா ஆண்ட மலைநாட்டில், இருட்டிய பிறகு ஒரு வீட்டுக் கதவை வெளியிலிருந்து ஏதோ பிறாண்டியது. கர்ர்... கர்ர்...

உள்ளே வஞ்சிக்கொடி கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்த அம்மிக்கல்லைக் காலால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். புருஷன் உப்பு வாங்க மலையிறங்கிப் போயிருந்தான். ஊருக்குள் சிறுத்தை நடமாட்டம். கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்பீர்கள். தாழ்க்கட்டைதான் அரண்மனையில் இருக்கிறதே!

அது அங்கே எப்படிப் போயிற்று? எல்லாம் மன்னர் கருணை.

மன்னரின் பள்ளியறை ஜன்னலில் ஒரு விரிசல். அதை ஆட்டு ரோமமும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள். அன்று சுகமாகத் தூங்கி எழுந்தவர், கொட்டாவியோடு ஒரு சட்டத்தையும் விட்டார். "சுவர்ச் சந்தும் கூரை ஓட்டையும் அடைத்து, வீட்டுச் சூட்டை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்களுக்கு அடுப்பு வரியில் பாதி தள்ளுபடி! விறகும் மிச்சம், காடும் மிச்சம்!"

நல்ல சட்டம்தான். நல்ல சட்டத்தைக் கெடுக்க ஓர் ஆள் வேண்டுமே. வரியமைச்சர் மருதவாணர் இருந்தார். தன் வாயிலிருந்து வராத யோசனையை ஊரே புகழ்ந்தால் அவருக்கு வயிறு எரியும். அதனால் சட்டத்துக்கு ஒரு வால் ஒட்டினார்: அடைத்த வீட்டை அதிகாரி வந்து சோதிக்க வேண்டும். குளிரில் அவர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது கௌரவமா? ஆகவே சோதனை முடியும்வரை தாழ்க்கட்டையை அரண்மனையில் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த நாட்டில் தாழ்ப்பாள் என்பது கதவுக்குப் பின்னால் குறுக்கே செருகும் தனிக்கட்டை. ஜனங்களும் விறகுக் கட்டுபோலச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தார்கள். அதிகாரியா? அவரை இன்னும் நியமிக்கவே இல்லை.

விடிந்ததும் வஞ்சிக்கொடி குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். அழுது கேட்டவர்களையெல்லாம் மருதவாணர் வாசலிலேயே திருப்பி அனுப்பியது அவளுக்குத் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டே போனாள்.

"மகாராஜா, உங்களுக்குச் சேர வேண்டிய தள்ளுபடி வந்துடுச்சான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

போர்வைக்குள்ளிருந்து ராஜாவின் தலை எட்டிப் பார்த்தது. "எனக்கா? எனக்குமா உண்டு?"

"பள்ளியறை ஜன்னலை அடைச்சீங்களே. ஓட்டையை அடைச்ச வீடு எல்லாத்துக்கும்னுதானே சட்டம்? அரண்மனை வீடு இல்லையா?"

"ஓய் மருதவாணரே! என் தள்ளுபடி எங்கே ஓய்?"

மருதவாணர் கனைத்தார். "மன்னா, தாங்கள் வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?"

"அப்படியானால் கட்டுகிறேன்!"

"யாருக்கு, மன்னா?"

"எனக்குத்தான். வேறு எந்த ராஜா இருக்கிறான் இங்கே?"

சபை கைதட்டியது. வலக்கையால் தமக்கே வரி கட்டி, இடக்கையால் அதை வாங்கிக்கொண்டு, பாதித் தள்ளுபடிக்கும் உரியவராகிவிட்ட பூரிப்பில் ராஜாவுக்கு வியர்த்தேவிட்டது.

"அப்புறம் சோதனை இருக்கே, ஐயா?" என்றாள் வஞ்சிக்கொடி, மருதவாணரைப் பார்த்து. "மகாராஜாவோட தாழ்க்கட்டையை வாங்கி வச்சுக்கிட்டீங்களா? இல்ல, அந்த விதி எங்களுக்கு மட்டும்தானா?"

மருதவாணர் ராஜாவைப் பார்த்தார். வாங்கினால் ராஜாவுக்கு ஆபத்து. வாங்காவிட்டால் விதி போட்டவருக்கு ஆபத்து. ராஜாவோ தள்ளுபடி நினைப்பில் மிதந்துகொண்டிருந்தார். "விதி என்றால் விதிதான்! எடுத்துக்கொண்டு போம் ஓய்!"

தங்கப்பூண் போட்ட தாழ்க்கட்டை, ஊர்க்கட்டைகளோடு கட்டையாகக் கிடங்கில் போய் விழுந்தது.

மறுநாள் சபை கூடியபோது சிங்காசனத்தைக் காணோம். ராஜாவையும் காணோம். பள்ளியறைக்கு ஓடினார்கள். சிங்காசனம் கதவருகே கவிழ்ந்து கிடந்தது. அலமாரியின் உச்சியில் கிரீடத்தோடு ராஜா. கீழே, அரண்மனைக் கொட்டிலிலிருந்து வந்த ஆடு ஒன்று சாவகாசமாக அவர் போர்வையைத் தின்றுகொண்டிருந்தது.

"சிறுத்தை!" என்று அலறினார் ராஜா.

"ம்மே" என்றது சிறுத்தை.

வஞ்சிக்கொடியைக் கூப்பிட்டுவிட்டார்கள். ராஜா அலமாரியிலிருந்து இறங்காமலேயே கேட்டார்: "பெண்ணே, நீ எப்படித்தான் சமாளிக்கிறாய்?"

"அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்துத்தான், மகாராஜா."

"நான் சிங்காசனத்தை வைத்துப் பார்த்தேன். ஆட்டுக்கே தாங்கவில்லை."

"உங்க வீட்டுக்கு வந்தது ஆடு. எங்க வீட்டுக் கதவைப் பிறாண்டுறது ஆடு இல்லை. பிள்ளைக்குக் குளிரக் கூடாதுன்னு ஒவ்வொரு சந்தா அடைச்சேன், மகாராஜா. இப்போ எல்லாத்தையும்விடப் பெரிய ஓட்டை அந்தக் கதவுதான்."

ராஜாவின் முகம் கறுத்தது. தாழ்க்கட்டைகள் அன்றே வீடு திரும்ப உத்தரவாயிற்று. "சோதிக்க அதிகாரி வேண்டுமாமே? மருதவாணரே போகட்டும்! வெளியிலேயே நின்று, ஒவ்வொரு சந்திலும் கை வைத்துப் பார்க்கட்டும். உள்சூடு கைக்குப் பட்டால் வரி, படாவிட்டால் தள்ளுபடி. வஞ்சிக்கொடிக்கு முழு வரியும் தள்ளுபடி. முதல் கட்டையை அவள் வீட்டுக்கு இவரே சுமந்துகொண்டு போகட்டும்!"

பொழுது சாயும் நேரம், மருதவாணர் கட்டையைக் கொடுத்துவிட்டு வஞ்சிக்கொடியின் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். பற்கள் தந்தியடித்தன.

"சூடு வருதா, ஐயா?" என்றாள் உள்ளேயிருந்து.

"எங்கேயும் வரவில்லையே, தாயே!" குரல் கிட்டத்தட்ட அழுதது. "கதவு ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன்னால் சற்றே உள்ளே வந்து, கணப்பருகே கையைக் காட்டிவிட்டு..."

"கதவைத் திறந்தா சூடு போயிடும், ஐயா. மகாராஜா கோவிச்சுக்குவாரு."

தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மிக்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வஞ்சிக்கொடி தாழ்க்கட்டையை உள்ளிருந்து குறுக்கே செருகினாள்.