சலூன் பெட்டியில் எழுதிய உத்தரவு

பட்டணத்துத் துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் ரயில் யார்டில் எத்திராஜு ஷண்டிங் ஜமேதார்; பெட்டிகளைத் தள்ளிக் கோக்கும் ஆட்களுக்குத் தலைவர். எந்தப் பெட்டி எங்கே போகவேண்டும் என்று சாக்பீஸால் பெட்டி மேலேயே குறி போட்டுவிடுவார். எஞ்சின்காரருக்கு அதுவே கட்டளை.

புது அதிகாரி கோதண்டபாணி அதிகாரிகளுக்கென்றே உள்ள தனி சலூன் பெட்டியில் வந்து இறங்கியதும் அந்தக் குறிகளைப் பார்த்துக் குதித்தார்.

“இது யார்டா, பள்ளிக்கூடச் சுவரா? இனி நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி நகர்ந்தாலும் உனக்கு வேலை கிடையாது!”

“உத்தரவுங்கய்யா,” என்றார் எத்திராஜு.

வந்த சரக்கெல்லாம் வந்த இடத்திலேயே நின்றது. மாலை நாலு மணிக்கு அதிகாரி பதறினார்.

“மெயில் வரப்போகுது. என் சலூனை அதில் கோத்துவிடு. அடுத்த ஊரில் பெரிய அதிகாரி காத்திருக்கிறார்!”

“கோத்துடலாங்கய்யா. முன்னால நாப்பத்திரண்டு பெட்டி நிக்குது. நீங்க ஒண்ணொண்ணாப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்கன்னா தள்ளிடலாம்.”

தூரத்தில் மெயில் ஊதியது.

“அதெல்லாம் வேண்டாமய்யா, உன் குறிப்படியே தள்ளு!”

“வாயால சொன்னா என் வேலை போயிடுங்களே. எழுதிக் குடுங்க,” என்று எத்திராஜு சாக்பீஸை நீட்டினார்.

காகிதம் தேட நேரமில்லை. அதிகாரி சலூன் பெட்டி மேலேயே எழுதினார்: ‘எத்திராஜு குறி போட்டால் போதும். என் கையெழுத்து தேவையில்லை. கோதண்டபாணி.’

கால் மணி நேரத்தில் பாதை திறந்தது. எழுத்தோடு சலூனும் மெயிலில் போனது.

அடுத்த ஊர் பிளாட்பாரத்தில் பெரிய அதிகாரி அதை உரக்கப் படித்தார். “நல்ல உத்தரவு! அழிச்சிடாதீங்க,” என்றார்.

மறுநாள் பெரிய அதிகாரியிடமிருந்து எத்திராஜு பேருக்கு ஒரு பெட்டி சாக்பீஸ் வந்து சேர்ந்தது.