குனிய வைத்த சிலை

பாலிடெக்னிக் தாளாளர் அர்த்தநாரிக்கு, உயிரோடு இருக்கும்போதே தன் சிலையைத் தானே திறந்து வைக்க ஆசை. கல்லூரியின் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே இரும்புத் துண்டுகளை ஒட்டிப் பொம்மை செய்கிற மரகதத்தைக் கூப்பிட்டார்.

"என் சிலையைத் தலை குனியாம ஒருத்தன் பார்த்துட்டுப் போனாலும் உன் வேலை போச்சு."

"குனிய வெச்சுப்போடலாமுங்க ஐயா."

மூன்று நாள் மோவாயைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி அவள் முன்னால் நின்றார்.

திறப்பு விழாவில் பட்டுத்துணியை இழுத்தார். முழங்கால் உயரத்துக்கு ஒரு பீடம். அதன்மேல் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. முதலில் அவருடைய சம்பந்தி குனிந்து பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வாத்தியார்கள், மாணவர்கள், கேன்டீன் ஆட்கள் என்று எல்லோரும் வரிசையில் வந்து குனிந்தார்கள், சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்கள்.

கடைசியாக அர்த்தநாரியும் குனிந்தார். கட்டைவிரல் அளவில், வானத்தைப் பார்த்தபடி அவரேதான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"குனியாம யாரும் பார்க்கலைங்க ஐயா. நீங்களும்தான்."

அவருக்குக் காது மடல் சுட்டது. நிமிர்ந்தால் அத்தனை முகங்களையும் பார்க்க வேண்டும். குனிந்தவாக்கிலேயே, விரலிலேயே இருந்த மோதிரத்தைத் தரையில் தேட ஆரம்பித்தார்.