மேனேஜர் பார்க்காத பாதி

கரூரில் ஒரு போர்வைக் கம்பெனி. அங்கே கடிதம் டைப் அடிப்பவள் பூங்கோதை. முழுப் பக்கமும் தெரிகிற அவளுடைய பழைய சதுர மானிட்டரை மேனேஜர் குணசீலன் ஒருநாள் எடுத்துவிட்டு, கதவைப் படுக்க வைத்தாற்போல் அகலமான ஒன்றை வைத்தார்.

"சார், இதுல பாதிக் கடிதந்தானுங்க தெரியுது. கீழே பிழை இருந்தா கண்ணுல படாதுங்க."

"என்கிட்டயும் இதேதான் இருக்கு. எனக்கு எல்லாம் தெரியுதே! இனி ஒரு பிழை வந்தாலும் உனக்கு வேலை இல்லை."

மறுநாள் பூங்கோதை, முதலாளியம்மாவுக்குப் போகவேண்டிய கடிதத்தை டைப் அடித்து, மேனேஜரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். "பிழையே இல்லை, கொண்டு போய்க் கொடு."

முதலாளியம்மா அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். கடைசியில் இப்படி இருந்தது: 'அகல மானிட்டரில் கடிதத்தின் கீழ்ப்பாதி தெரிவதில்லை. அதனால் மேனேஜர் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார். என் பழைய மானிட்டர் வேண்டும். பூங்கோதை.'

"இதைப் பார்த்துட்டுத்தான் சரின்னீங்களா, குணசீலன்?"

மேனேஜர் பதறிப்போனார். "ஐயோ, என் திரையில அது தெரியவே இல்லைங்கம்மா!"

"அதைத்தானே அந்தப் பொண்ணும் எழுதியிருக்கு!"

மத்தியானத்துக்குள் சதுர மானிட்டர் பூங்கோதையின் மேசைக்குத் திரும்பி வந்தது. சுமந்து வந்தவர் மேனேஜர்.